ஆறு மணி நேர வெளிச்சம்

போன் அடித்தது.

காலை ஒன்பது முப்பத்தைந்து. இன்ஸ்பெக்டர் அப்போதுதான் டீயில் முதல் வாய் வைத்திருந்தார். இரண்டாவது வாய்க்குக் கொடுத்து வைக்கவில்லை.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர்... என்னைக் கொன்னுட்டாங்க."

இன்ஸ்பெக்டர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். பதினெட்டு வருட சர்வீஸில் கொலையானவனே போன் செய்து புகார் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

"யாருங்க பேசறது?"

"மருந்து ஆராய்ச்சி நிலையத்துப் பேராசிரியர். என் உடம்புல விஷத்தை ஏத்திட்டாங்க. இன்னும் அஞ்சு மணி நேரம்தான் இருக்கு எனக்கு. ஏத்தினது யாருன்னும் தெரியும்."

"யாரு?"

"எங்க எலி அறையைப் பார்த்துக்கிறவ. எலியம்மான்னு கூப்பிடுவாங்க. சீக்கிரம் வாங்க..."

டீ ஆறிப்போனது.

பேராசிரியர் ஒரு ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரைச்சீலை. மேஜையில் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு திரை. சட்டையின் இடது கையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"பாருங்க இன்ஸ்பெக்டர்."

கேமராவைத் தன் கைக்கு மேலே பிடித்தார்.

திரையில் அவருடைய கை கறுப்பாகத் தெரிந்தது. மேற்கையில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு... வெளிச்சம்.

"இது என்ன சார்?"

"என் சாவு."

"கொஞ்சம் எனக்குப் புரியற மாதிரி சாகுங்க. சயின்ஸ்ல நான் எப்பவும் முப்பத்தெட்டுதான்."

பேராசிரியர் எச்சில் விழுங்கினார்.

"நாங்க பண்றது ரத்தத்துல மருந்தைச் சுமந்துட்டுப் போற துகள். நடுவுல இரும்பு. ஒரு தலைமுடி தடிமனுக்குள்ள ஆயிரம் துகளை வரிசையா நிறுத்தலாம். அவ்வளவு பொடி."

"அப்புறம் எப்படி அது எங்க போகுதுன்னு பார்ப்பீங்க?"

"மேல ஒரு சாயத்தை ஒட்டி அனுப்புவோம். நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கேமராவுக்கு மட்டும் தெரியும். எலி உசுரோட ஓடிட்டிருக்கும்போதே தோல் வழியா வெளிச்சம் தெரியும். வெளிச்சம் எங்கேயோ துகள் அங்க."

"அது உங்க கைக்குள்ள எப்படி வந்தது?"

"எலி அறைக்குப் போறவங்க எல்லாரும் டெட்டனஸ் ஊசி போட்டுக்கணும். எனக்கு இன்னிக்குத் தேதி. எட்டு நாப்பதுக்குப் போட்டாங்க. நர்ஸ்தான் போட்டா. ஆனா பத்துப் பேர் வரிசையில நின்னதால, மருந்தை சிரிஞ்சுல ஏத்தி ட்ரேயில வெச்சது எலியம்மா. அப்புறம் என் கோட் பாக்கெட்ல இது இருந்தது."

ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கோணல்மாணலான கையெழுத்து.

'இன்று காலை உங்கள் கையில் ஏறியது எங்கே போகிறது? படம் எடுத்துப் பாருங்கள். என் தம்பியும் பார்த்தான்.'

"படம் எடுத்தேன். வெளிச்சம் இருக்கு. உடனே ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். மேல் தட்டுல துகள் பாட்டில் பன்னிரண்டு இருக்கணும். ஒன்பதாம் நம்பர் காணோம்."

"தம்பின்னு எழுதியிருக்கே?"

பேராசிரியர் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"இதே அறையில கேமரா பிடிச்சவன். எலிகளைப் படம் எடுக்கிறதால படக்காரன்னு பேரு. முதல் மனுஷனா நானே போட்டுக்கறேன்னு வந்தான். பத்தொன்பதாவது நாள் செத்துட்டான். ஈரல் போச்சு. குடிகாரன் சார். ரிப்போர்ட்லயே இருக்கு."

"துகள்னால இல்லையே?"

"இல்லவே இல்ல. அது ரெண்டே நாள்ல சிறுநீரோட வெளிய போயிடும்."

"அப்ப உங்களுக்கும் போயிடுமே சார். எதுக்கு இப்படி வேர்க்குது?"



"அது... எவ்வளவு ஏத்தினாளோ தெரியலையே" என்றார் பேராசிரியர். "நாளைக்கு நாப்பது பேருக்கு இந்த ஊசி போடப் போறோம். அதைக் கெடுக்கத்தான் இவ்வளவும். முதல்ல அவளைப் பிடிங்க. நான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரெண்டு நாப்பதுக்குள்ள எனக்கு மருந்து ஏறியாகணும்."

ரெண்டு நாப்பது.

எட்டு நாப்பதிலிருந்து சரியாக ஆறு மணி நேரம். இரண்டே நாளில் வெளியே போய்விடும் துகளுக்கு ஆறு மணி நேரக் கெடு எதற்கு என்று இன்ஸ்பெக்டரின் முப்பத்தெட்டு மார்க் மூளை முணுமுணுத்தது.

எலி அறைக்குள் நுழைய சீருடைக்கு மேலே நீல அங்கி, தலைக்கு வலைத் தொப்பி, காலுக்கு உறை, வாய்க்கு மறைப்பு எல்லாம் மாட்ட வேண்டியிருந்தது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு அலங்காரம் கிடையாது.

உள்ளே முந்நூறு கூண்டுகள். மரச்சீவல் வாசனை.

ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண்மணி, ஒரு கூண்டுக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். திரும்பாமலே ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"மெதுவாப் பேசுங்க சார். இன்னிக்குத்தான் குட்டி போட்டிருக்கு. சத்தம் கேட்டுதுன்னா தாயே குட்டியைத் தின்னுடும்."

ஆகவே, ஒரு கொலை விசாரணை முழுக்க முழுக்கக் குசுகுசுவென்று நடந்தது.

"எலியம்மாங்கறது நீங்கதானா?"

"ஆமா."

"பேராசிரியருக்கு என்னத்தைப் போட்டீங்க?"

"நர்ஸ்தான் போட்டாங்க. டெட்டனஸ் ஊசி."

"மருந்தை ஏத்தி வெச்சது?"

"நான். பஞ்சு கொடுத்ததும் நான்தான்."

"ஒன்பதாம் நம்பர் பாட்டில் எங்க?"

"ஃப்ரிட்ஜுலதான் இருக்கும்."

"இல்லைங்கறாரே?"

"நல்லாத் தேடச் சொல்லுங்க."

"இந்தச் சீட்டு?"

"என் எழுத்துதான்."

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலையும் குசுகுசுவென்றுதான் காட்ட முடிந்தது.

"ஏம்மா, ஒரு மனுஷன் அங்க செத்துட்டிருக்கான்."

எலியம்மா நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஏழு மாதமாக அழுது தீர்த்த கண்.

"என் தம்பியும் ஒரு மனுஷன்தான் சார். அவன் எடுத்த படம்தான் எல்லாம். முதல் நாள் எலி உடம்பு பூரா வெளிச்சம். அப்புறம் மூத்திரப் பையில வெளிச்சம். ரெண்டாம் நாள் இருட்டு. 'நானே எடுத்த படம்க்கா, எனக்கென்ன பயம்'னுதான் கையை நீட்டினான். அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணினான். பெரிய மிஷின்ல படுக்க வைக்கப் போறாங்க, சாப்பிட லேட்டாகும், நீ சாப்பிட்டுடுன்னான்."

"துகள்தான் வெளிய போயிடுச்சே?"

"வெளிச்சம் போச்சு. துகள் போகல."

"புரியல."

"பூனை கழுத்துல மணி கட்டறீங்க. மணிச் சத்தத்தை வெச்சு அது எங்க இருக்குன்னு பார்க்கறீங்க. மணி அறுந்து வாசல்ல கிடந்தா, பூனை வெளிய போயிடுச்சுன்னா அர்த்தம்? அது சமையலறையில உட்கார்ந்து பாலைக் குடிச்சிட்டிருக்கும். சாயம் கழண்டு மூத்திரத்துல போயிடுச்சு சார். இரும்பு ஈரல்ல உட்கார்ந்துடுச்சு."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செத்த எலியைப் பொட்டலம் கட்டறது யாரு? நான்தானே. பதினெட்டு எலி. பதினெட்டுக்கும் ஈரல் கறுப்பு. போய்ச் சொன்னேன். 'உன் வேலை எலிக்குத் தண்ணி வைக்கிறது, அதைப் பாரு'ன்னாரு. தம்பி செத்தப்புறம் மேலிடத்துலயும் போய்ச் சொன்னேன். ஆதாரம் எங்கன்னாங்க. பொட்டலம் எல்லாம் எரிச்சாச்சு."

அவள் குரல் அப்போதுதான் முதல் தடவையாக நடுங்கியது.

"செத்ததைக்கூட என்னிக்காவது ஒரு நாள் மனசு தாங்கிக்கும் சார். குடிகாரன்னு எழுதினாரு பாருங்க... இருமல் மருந்து வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கிறவன் சார் அவன். அதை மட்டும் நான் விடமாட்டேன்."

"சரி. இப்பவாவது சொல்லுங்க. அவர் கைல என்ன இருக்கு?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? ஏழு மாசமா நம்பலையே. அவர்தான் படம் எடுத்திருக்காரே. அதை நம்புங்க."

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

"தண்ணி வெச்சுட்டு வந்துடறேன்."

முந்நூறு கூண்டுக்கும் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வந்தாள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். ஏன் காத்திருந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மணி பன்னிரண்டு பத்து. ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடி.

பேராசிரியர் கட்டிலில் படுக்கவில்லை. அதன் விளிம்பில் உட்கார்ந்து டாக்டரம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிலையத்திலிருந்து கொண்டுவந்த கேமராவும் திரையும் பக்கத்தில். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையைப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டார். வெளிச்சம் போகவில்லை.

"இரும்பை உறிஞ்சி எடுக்கிற மருந்து டாக்டர். நான் சொல்ற அளவுல உடனே ஏத்துங்க."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாள். அவசரமே இல்லாத பெண்மணி.

"சார், உங்க கட்டுரையை ரெண்டு தடவை படிச்சிருக்கேன். 'துகளால் எந்தத் தீங்கும் இல்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முழுவதும் வெளியேறிவிடுகிறது.' நீங்க எழுதினதுதானே?"

"ஆமா... ஆனா..."

"நீங்க கேக்கிற அளவுல இந்த மருந்தை ஏத்தினா பிரஷர் விழும். கிட்னி போனாலும் போகும். தீங்கே இல்லாத ஒண்ணுக்கு நான் எதுக்கு அதைக் கொடுக்கணும்? நிறையத் தண்ணி குடிங்க. நாளான்னிக்குச் சரியாயிடும்."

"கட்டுரை தப்பு டாக்டர்!"

வராண்டாவில் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் நின்று எட்டிப் பார்த்தாள்.

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய போறது சாயம்தான். துகள் ஈரல்லயே தங்கிடும். ஆறு மணி நேரத்துக்குள்ள அந்த மருந்தைக் கொடுத்தா மட்டும் வெளிய வரும். எட்டு எலிக்குக் கொடுத்துப் பார்த்தேன். எட்டும் பிழைச்சது."

"கட்டுரையில அந்த எட்டு எலி இல்லையே?"

"போடல."

"வாய் வார்த்தைக்கெல்லாம் நான் மருந்து கொடுக்க முடியாது. எழுத்துல, படத்துல இருந்தாக் காட்டுங்க. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் கூண்டுல நிக்கணும்."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு இருபத்தைந்து.

கழுத்துச் சங்கிலியில் தொங்கிய ஒரு சின்னச் சாவியைக் கழற்றினார்.

"இன்ஸ்பெக்டர்... என் அறையில இரும்பு அலமாரி. கீழ்த் தட்டு. பழுப்பு உறை. அதுல காந்த மிஷின்ல எடுத்த எலிப் படங்கள் இருக்கு. அது சாயத்தைப் பார்க்காது, நேரா இரும்பையே பார்க்கும். எலிப் படங்களை மட்டும் எடுத்துட்டு வாங்க."

ஒரு போலீஸ்காரரிடம் 'மட்டும்' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. பேராசிரியர் நிறையப் படித்தவர். இது அவர் படித்த புத்தகத்தில் இல்லை.

உறை முழுசாக வந்து சேர்ந்தது.

மணி ஒன்று ஐந்து. எலியம்மாவும் வாசலோரம் வந்து நின்றிருந்தாள். பேராசிரியர் அவளைப் பார்த்ததும் பல்லைக் கடித்தார்.

"இவளை எதுக்கு உள்ள விட்டீங்க?"

"என்கூட வந்திருக்காங்க. நீங்க பிடிக்கச் சொன்ன ஆளுதானே" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டரம்மா படங்களை ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் செருகினாள்.

எலி. ஈரல் கறுப்பு.

எலி. ஈரல் கறுப்பு.

இன்னொரு எலி. மருந்து கொடுத்தது. ஈரல் பழையபடி வெளுப்பு.

உறையின் அடியில் ஒரு பெரிய படம் மிச்சமிருந்தது. டாக்டரம்மா அதையும் எடுத்தாள்.

"அது வேண்டாம் டாக்டர். அது வேற..."

செருகிவிட்டாள்.

எலி இல்லை. மனிதன். விலா எலும்புகளுக்குக் கீழே, வலது பக்கம், கரிக்கட்டை மாதிரி ஒரு கறுப்பு. மூலையில் பேராசிரியரின் கையெழுத்தில் இரண்டு வரி.

'தன்னார்வலர் ஒன்று. ஊசிக்குப் பின் மூன்று மணி நேரம்.'

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூணாவது மணி நேரத்துலயே உங்களுக்குத் தெரியும்."

"டாக்டர், நேரமாகுது..."

"ஆறு மணி நேரம் வரைக்கும் மருந்து வேலை செய்யும்னு நீங்கதான் இப்பச் சொன்னீங்க. அந்தப் பையனுக்கு இன்னும் மூணு மணி நேரம் பாக்கி இருந்திருக்கு. ஏன் கொடுக்கல?"

பேராசிரியரின் உதடுகள் உலர்ந்திருந்தன.

"கொடுத்திருந்தா... ஏன் கொடுத்தீங்கன்னு கேப்பாங்க. ஒன்பது வருஷ வேலை டாக்டர். ஒரே ஒரு ஆள். அப்புறமா துகளைத் திருத்திக்கலாம்னு நினைச்சேன். நாப்பது பேருக்கு அளவைக் குறைச்சுத்தான் போடப் போறேன்... ப்ளீஸ். எல்லாத்தையும் ஒத்துக்கறேன். முதல்ல ஊசியைப் போடுங்க."

"குடிகாரன்னு எழுதினது?" இது இன்ஸ்பெக்டர்.

"ஈரல் போனதுக்கு ஏதாவது காரணம் எழுதணுமே..."

வாசலோரம் எலியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த எதுவோ ஒன்று, ஒரு நீண்ட மூச்சாக வெளியே வந்தது.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, பத்திரப்படுத்தினார்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டாள். எவ்வளவு கேடு கெட்டவன் என்றாலும் நோயாளி நோயாளிதான். மருந்து பாட்டிலை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினாள். ஊசியை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா."

எலியம்மா.

"என்னம்மா?"

"துடைக்காம எடுத்த படத்தை நம்பக் கூடாது. நாங்க எலியைக்கூட நல்லாத் துடைச்சுட்டுத்தான் படம் எடுப்போம். ரோமத்துல மூத்திரம் பட்டிருந்தா அதுவும் வெளிச்சமாத் தெரியும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் நாள் சொல்லித் தர்ற பாடம். சாரே என் தம்பிக்குச் சொல்லித் தந்ததுதான்."



பேராசிரியரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. மெதுவாக... மிக மெதுவாக... தன் கையைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். அவருடைய மேற்கையில் அழுத்தித் துடைத்தாள். இன்னொரு பஞ்சு. மறுபடி துடைத்தாள். இன்ஸ்பெக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் கேமராவைப் பிடித்தார்.

திரையில் கை... முழுக்க இருட்டு.

கேமராவை, டாக்டரம்மா பஞ்சைப் போட்டிருந்த தட்டின் பக்கம் திருப்பினார்.

தட்டில் கிடந்த பஞ்சு மின்னியது.

"ஊசி போட்டதும் அழுத்திப் பிடிக்கறதுக்குப் பஞ்சு கொடுத்தேன்" என்றாள் எலியம்மா. "அதுல கொஞ்சம் வெறும் சாயம். ஆஸ்பத்திரியில கண்ணுக்குள்ள பார்க்கறதுக்குப் போடறாங்களே, அதே சாயம். ஒண்ணும் பண்ணாது. துகள் ஒண்ணுகூட இல்ல."

"பாட்டில்..." பேராசிரியரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒன்பதாம் நம்பர்..."

"கீழ்த் தட்டுல இருக்கு. மேல் தட்டுல குளிர் பத்தலைன்னு நேத்து மாத்தி வெச்சேன். ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கேன். நீங்கதான் பார்க்கல."

இன்ஸ்பெக்டர் சீட்டை எடுத்து மறுபடி படித்தார். கையில் ஏறியது எங்கே போகிறது, படம் எடுத்துப் பாருங்கள். அதில் விஷம் என்ற வார்த்தையே இல்லை. மிரட்டல் இல்லை. ஒரு பொய்கூட இல்லை. மிச்சத்தையெல்லாம் பேராசிரியர் தானே நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

"இப்படி எல்லாம் வெளிய வரும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அன்னிக்குத் தம்பி போன்ல சொன்னான் சார், பெரிய மிஷின்ல படுக்க வைக்கப் போறாங்கன்னு. ஆனா அவன் ஃபைல்ல அந்தப் படம் இல்ல. எடுத்த படத்தைக் கிழிக்க எந்த ஆராய்ச்சிக்காரருக்கும் மனசு வராது. எங்கயோ பூட்டித்தான் வெச்சிருப்பாரு. நான் தேடினாக் கிடைக்காது. அவரே சாவியை எடுத்துக் கொடுத்தாத்தான் உண்டு. உயிர்ப் பயம் வந்தாக் கொடுப்பாரு." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு டெட்டனஸ் தேதி வர்ற வரைக்கும் ஏழு மாசம் காத்துக்கிட்டிருந்தேன்."

"பஞ்சுல சாயம் தடவினதுக்கு உங்க மேலயும் ஒரு கேஸ் போடணும்மா."

"தாராளமாப் போடுங்க சார். அந்த ரிப்போர்ட்ல குடிகாரன்ங்கற வார்த்தையை மட்டும் அடிச்சுடச் சொல்லுங்க."

டாக்டரம்மா ஏற்கெனவே பேனாவை எடுத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நிலையத்துக்குப் போன் போட்டு, நாளைய நாற்பது ஊசிகளையும் நிறுத்தச் சொன்னார். பன்னிரண்டு பாட்டில்களுக்கும் சீல். பிறகு பேராசிரியரின் தோளைத் தட்டினார்.

"கிளம்பலாமா சார்?"

பேராசிரியர் எழுந்தார். வாசலில் எலியம்மாவுக்கு முன்னால் வந்தபோது நின்றார்.

"அப்ப... அந்த சிரிஞ்சுல... உண்மையிலேயே என்ன இருந்தது?"

எலியம்மா நகர்ந்து வழிவிட்டாள்.

"அசல் டெட்டனஸ் ஊசிதான் சார். இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல. ஜெயில்ல எல்லாக் கம்பியும் துருப்பிடிச்சுத்தானே இருக்கும்..!"